செவா மக்களின் வரலாறும் மரபும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்கிழக்கு ஆப்பிரிக்காவின் செவா மக்களைப் பற்றித் தமிழில் படிக்கக் கிடைப்பவை குறைவு. கிடைக்கும் குறிப்புகளும் பெரும்பாலும் அவர்களுடைய முகமூடி நடனத்தோடு நின்றுவிடுகின்றன. அந்த நடனம் வியப்புக்குரியதுதான். ஆனால் தாய்வழிக் குடும்பம், மழை வழிபாடு, இறந்தோர்க்கான சடங்குகள் ஆகியவற்றோடு சேர்த்துப் பார்க்காதவரை அதன் பொருள் விளங்காது. எனவே கீழே உள்ள விடைகளில் நடனத்துக்குச் செல்லும் முன் மற்றவற்றைச் சற்று விரிவாகவே சொல்லியிருக்கிறேன்.

செவா மக்கள் யார்? எங்கே வாழ்கிறார்கள்?

பாண்டு மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த சிச்சேவா மொழியைப் பேசும் வேளாண் மக்கள் இவர்கள். மலாவியின் நடுப்பகுதி, ஜாம்பியாவின் கிழக்கு மாகாணம், மொசாம்பிக்கின் டெட்டே மாகாணம் ஆகிய மூன்றும் அடுத்தடுத்து அமைந்த அவர்களுடைய வாழ்நிலம். மலாவியின் மிகப் பெரிய இனக்குழு இவர்களே. 2018ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், சுமார் 1 கோடியே 75 லட்சம் பேர் கொண்ட அந்நாட்டில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டோர் தங்களைச் செவா என்று பதிவு செய்தனர்.

அவர்களுடைய மொழியின் பரப்பு இனத்தின் பரப்பைவிடப் பெரியது. ஜாம்பியாவில் இதற்குச் சின்யாஞ்சா என்று பெயர். தலைநகர் லுசாக்காவின் தெருக்களில் பல இனத்தாரும் இதன் நகர வடிவத்தில்தான் பேசிக்கொள்கிறார்கள். ஜிம்பாப்வேயின் 2013ஆம் ஆண்டு அரசியலமைப்பு ஏற்றுக்கொண்ட 16 மொழிகளில் இதுவும் ஒன்று.

இவர்களுடைய பூர்விகம் எது?

இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசின் தென்பகுதியில் உள்ள லூபா நாட்டிலிருந்து முன்னோர் புறப்பட்டு வந்தனர் என்று வாய்மொழி மரபு கூறுகிறது. ஒரே காலத்தில், ஒரே கூட்டமாக அவர்கள் வந்துவிடவில்லை. பண்டா குலத்தார் முன்னதாக வந்து நிலத்தோடும் மழையோடும் தொடர்புடைய சடங்குரிமைகளைப் பெற்றிருந்தனர் என்றும், பின்னால் வந்த பிரி குலத்தார் அரசுரிமையை நிறுவினர் என்றும் அந்த மரபு இரு அடுக்குகளைப் பிரித்துக் காட்டுகிறது. வாளால் வென்றவன் ஆளலாம், ஆனால் மழையைக் கேட்டுப் பெறும் உரிமை முன்னரே குடியேறியவர்களிடம்தான் இருக்கும் என்ற இந்த ஏற்பாடு செவா வரலாறு முழுவதிலும் தொடர்ந்து வருகிறது.

அவர்கள் வந்தபோது அந்நிலம் வெறுமையாக இருக்கவில்லை. அங்கே வேட்டையாடியும் காய்கனி சேகரித்தும் வாழ்ந்த குறுகிய உருவமுடைய மக்களை அகாஃபுலா என்றும் பாட்வா என்றும் செவா கதைகள் குறிப்பிடுகின்றன. எதிரில் வருபவரிடம் அகாஃபுலா ஒருவர், “என்னை எங்கிருந்து பார்த்தாய்?” என்று கேட்பாராம். “தொலைவிலேயே பார்த்துவிட்டேன்” என்று சொன்னால் மகிழ்ந்து வழிவிடுவார், “இப்போதுதான் பார்த்தேன்” என்று சொன்னால் தன் உயரத்தை இகழ்ந்ததாகக் கொண்டு அம்பைத் தொடுத்துவிடுவார். மலாவியின் பல பகுதிகளில் இந்தக் கதை இன்றும் சொல்லப்படுகிறது. மறைந்துபோன ஒரு மக்களைப் பற்றி அவர்களுக்குப் பின் வந்தவர்கள் காத்துவரும் நினைவு என்ற முறையில் அதை நாம் மதிக்க வேண்டும்.

மராவி அரசு என்பது என்ன?

ஏறத்தாழ 15ஆம் நூற்றாண்டிலிருந்து மலாவி ஏரியின் தென்மேற்குக் கரையை மையமாகக் கொண்டு வளர்ந்த அரசு அது. ‘மலாவி’ என்ற நாட்டுப் பெயர் இதிலிருந்தே எடுக்கப்பட்டது. பழைய ஐரோப்பிய நிலப்படங்களில் அந்த ஏரி ‘மராவி’ என்றே குறிக்கப்பட்டிருக்கிறது. பிரி குலத்தைச் சேர்ந்த அரசருக்குக் கலோங்கா என்று பட்டம். அவருடைய தலைநகரான மங்காம்பா, இன்றைய டெட்சா மாவட்டத்தின் ம்டகடகாவுக்கு அருகில் இருந்தது. அங்கே நடந்த அகழாய்வில் கண்ணாடி மணிகளும் சீனப் பீங்கான் துண்டுகளும் கிடைத்துள்ளன. கடலிலிருந்து பல நூறு கிலோமீட்டர் உள்ளே இருந்த ஓர் ஊர் இந்தியப் பெருங்கடல் வாணிகத்தோடு இணைந்திருந்தது என்பதற்கு அந்தத் துண்டுகளே சான்று. யானைத் தந்தம் இங்கிருந்து வெளியே சென்றது. மராவி மக்கள் உருக்கிய இரும்புக்கும் அண்டை நாடுகளில் நல்ல மதிப்பு இருந்தது.

கலோங்காவின் உறவினர்கள் பிரிந்து சென்று கிளை அரசுகளை அமைத்தனர். அவர்களுள் உண்டி மேற்கே சென்றார், லுண்டு தெற்கே ஷிரே ஆற்றின் கீழ்ப்பள்ளத்தாக்கில் மங்கஞ்சா மக்களை ஆண்டார். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துப் போர்ச்சுகீசியப் பதிவுகள் முசுரா என்ற வலிமை மிக்க மராவி அரசரைப் பேசுகின்றன. 1616இல் டெட்டேயிலிருந்து கில்வாத் துறைமுகம் வரை தரைவழியே பயணம் செய்த காஸ்பர் பொக்காரோ அவருடைய நாட்டின் வழியாகத்தான் சென்றார். காலப்போக்கில் தந்த வாணிகத்தைக் கிளைத் தலைவர்கள் நேரடியாகவே நடத்தத் தொடங்கினர். கலோங்காவிடம் கொண்டுவந்து கொடுத்துப் பங்கு பெறும் வழக்கம் தளர்ந்தது, 18ஆம் நூற்றாண்டில் நடுவண் அதிகாரம் பெயரளவில் மட்டும் எஞ்சியது.

19ஆம் நூற்றாண்டில் என்ன நடந்தது?

செவா நினைவில் மிகக் கொடிய காலம் அதுவே. தெற்கிலிருந்து சுவாங்கெண்டாபாவின் தலைமையில் வந்த என்கோனிப் படை, 1835 நவம்பரில் சூரிய கிரகணம் நிகழ்ந்த நாளில் ஸாம்பெசி ஆற்றைக் கடந்தது என்று மரபு கூறுகிறது. அவருக்குப் பின் பிரிந்த என்கோனிக் கிளைகள் செவா நிலத்தின் பல பகுதிகளைக் கைப்பற்றி, ஆண்களையும் பெண்களையும் சிறைபிடித்துத் தங்கள் குடிகளாக்கின. கிழக்கிலிருந்து யாவோ வணிகர்களும், ஏரிக்கரை ஊரான என்கோட்டாகோட்டாவில் 1840களில் நிலைகொண்ட ஜும்பே என்ற சுவாகிலித் தலைவரும் அடிமை வாணிகத்தைப் பெருக்கினர். பிடிபட்டவர்கள் ஏரியைக் கடந்து கடற்கரைச் சந்தைகளுக்கு நடத்திச் செல்லப்பட்டனர்.

வென்ற என்கோனியருடைய மொழி அங்கே நிலைக்கவில்லை என்பதைக் குறிப்பிட்டாக வேண்டும். செவாப் பெண்களை மணந்த அவர்களுடைய பிள்ளைகள் தாயின் மொழியையே பேசி வளர்ந்தனர். டெட்சா, என்ட்சேவு வட்டாரங்களின் என்கோனியர் இன்று பேசுவது செவா மொழிதான்.

1891இல் பிரிட்டன் தன் பாதுகாப்பு ஆட்சியை அறிவித்தது. அதே காலத்தில் போர்ச்சுகலோடு எல்லைகள் வரையப்பட்டதில் ஒரே மக்கள் மூன்று ஆட்சிகளுக்குள் பிரிந்தனர். உண்டியின் பழைய தலைநகரான மானோ போர்ச்சுகீசியப் பகுதிக்குள் போய்விட்டது. பின்னர் அவருடைய இருக்கை இன்றைய ஜாம்பியாவுக்கு மாறியது.

உலகம் தோன்றியதைப் பற்றிச் செவா மரபு என்ன சொல்கிறது?

மலாவிக்கும் மொசாம்பிக்குக்கும் இடையே உள்ள சலன்யாமா மலைத்தொடரில் கபிரிந்திவா என்ற குன்று இருக்கிறது. பாறை இன்னும் குழைவாக இருந்த ஆதிகாலத்தில், சௌட்டா என்னும் கடவுளும் முதல் மனிதரும் விலங்குகளும் பெருமழையோடு அங்கேதான் இறங்கினர் என்றும், அவர்களுடைய கால்தடங்கள் பாறையில் பதிந்து இறுகிவிட்டன என்றும் கதை செல்கிறது. கடவுள், மனிதர், விலங்கு ஆகிய மூவரும் பகையின்றி ஒன்றாக வாழ்ந்தனர். ஒருநாள் மனிதன் இரு குச்சிகளைக் கடைந்து விளையாடியபோது நெருப்புப் பிறந்தது. புல்வெளி பற்றி எரிந்தது. ஆடும் நாயும் மனிதனிடம் ஓடி ஒண்டிக்கொள்ள, மற்ற விலங்குகள் சினத்தோடு காட்டுக்குள் ஓடின. மரமேறித் தப்பிய பச்சோந்தி, தன்னைப் போல் ஏறிவரும்படி சௌட்டாவை அழைத்தது. முதுமையால் அவரால் ஏற முடியவில்லை. சிலந்தி ஒன்று நூல் விட்டு அவரை மேலே தூக்கிச் சென்றது. மனிதன் இனி இறந்துதான் தன்னிடம் வந்து சேர வேண்டும் என்று விதித்துவிட்டு அவர் வானத்துக்குப் போனார்.

இந்தக் கதையை மனத்தில் வைத்துக்கொண்டு குலே வம்குலு எனப்படும் முகமூடி நடனத்தைப் பார்க்க வேண்டும். நெருப்பால் பிரிந்துபோன விலங்குகளும், இறந்து மறைந்த முன்னோரும் ஊருக்குள் திரும்பி வந்து மனிதரோடு சேர்ந்து ஆடுகிற இரவு அது.

தாய்வழிச் சமூகம் என்றால் அங்கே பெண்களின் ஆட்சியா?

இல்லை, ஆனால் பெண்களே அச்சாக இருக்கும் சமூகம். ஒரு தாயின் மகள்களும் அவர்களுடைய பிள்ளைகளும் சேர்ந்த குழுவுக்கு ம்பும்பா என்று பெயர். அந்தக் குழுவுக்குப் பொறுப்பானவர் அந்தப் பெண்களின் மூத்த சகோதரர் அல்லது தாய்மாமன். பிள்ளைகள் தாயின் குலத்தையே சேர்வார்கள். தலைவர் இறந்தால் அவருடைய மகன் பட்டத்துக்கு வருவதில்லை, தம்பியோ சகோதரியின் மகனோதான் வருகிறார். மருமக்கள் வழி என்று நாம் அறிந்துள்ள முறையே இது.

மரபுப்படி மணமகன் மனைவியின் ஊருக்குச் சென்று குடியிருக்கிறான். அங்கே வீடு கட்டுகிறான், மாமியார் வீட்டு நிலத்தைக் கொத்தித் தன் உழைப்பைக் காட்டுகிறான். பெரும் தொகையைப் பரியமாகக் கொடுக்கும் வழக்கம் செவா மரபில் இல்லை. நிலம் தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது. மணம் முறிந்தால் ஊரைவிட்டு வெளியேறுபவன் கணவன்தான், வீடும் வயலும் பிள்ளைகளும் மனைவியின் பக்கமே நிற்கும். செல்வாக்குள்ள ஆண் ஒருவர், மாமனார் வீட்டாரின் இசைவோடு மனைவியைத் தன் ஊருக்கு அழைத்துச் செல்லவும் இடமுண்டு. இரு தரப்பிலும் என்கோஸ்வே எனப்படும் பொறுப்பாளர் நின்று பேசி முடிக்காத திருமணத்தை ஊர் திருமணமாகவே ஏற்பதில்லை. பிற்காலத்தில் பூசல் எழுந்தாலும் முறையீடு அவரிடம்தான் முதலில் செல்கிறது.

மிஷன் கல்வியும் கூலி வேலைக்கான இடப்பெயர்வும் நகர வாழ்வும் இந்த முறையைத் தளர்த்தியிருக்கின்றன. ஆயினும் மலாவியின் நடுப்பகுதிக் கிராமங்களில் நிலம் யாருடையது என்று கேட்டால் விடை இன்னமும் தாயின் வழியாகவே வருகிறது.

மகேவானா என்பவர் யார்?

மழையை வேண்டிப் பெறும் பெரும்பூசாரினி. இன்றைய லிலோங்வே மாவட்டத்தைச் சேர்ந்த ம்சிஞ்சா என்ற ஊரில் அவருடைய கோயில் இருந்தது. பண்டா குலத்தைச் சேர்ந்த அவர் மணம் செய்துகொள்வதில்லை. தலைமுடியையும் வெட்டுவதில்லை, ஏனெனில் முடியை வெட்டினால் மழையும் வெட்டுப்பட்டுவிடும் என்பது நம்பிக்கை. துங்கா என்ற பாம்பு வடிவில் தெய்வ ஆற்றல் அவரை நாடி வரும் என்று கருதப்பட்டது. ம்பிரிவிரி என்ற புனித முரசு அந்தக் கோயிலில் இருந்தது. அரசர்களும் மழைக்காக இங்கே காணிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் என்கோனிப் படையெடுப்புகளில் ம்சிஞ்சா சிதைந்தது. பிரி குல அரசர்களின் பட்டியலைவிட மகேவானாவின் வரலாறே செவா மக்களின் உள்ளத்தை நமக்குத் தெளிவாகக் காட்டுகிறது என்று நான் கருதுகிறேன்.

சினாம்வாலி என்ற சடங்கில் என்ன நடக்கிறது?

பருவமடைந்த பெண்களுக்குச் சமூகம் அளிக்கும் கல்வி அது. நம்குங்வி எனப்படும் மூத்த பெண்ணின் மேற்பார்வையில், ஃபுங்கு எனப்படும் ஆசிரியைகள் பெண்களை ஊருக்கு ஒதுக்கமான இடத்தில் வைத்துப் பாடலாலும் ஆடலாலும் கற்பிக்கிறார்கள். உடல், மணவாழ்க்கை, கருவுறுதல், மூத்தோரிடம் நடந்துகொள்ளும் முறை, எந்த நாளில் எதைத் தவிர்க்க வேண்டும் என்பவையெல்லாம் பாடங்கள். களிமண்ணால் தரையில் விலங்குருவங்கள் செய்யப்பட்டு, ஒவ்வோர் உருவத்துக்கும் உரிய பாட்டும் அறிவுரையும் சொல்லப்படுகின்றன. பெரிய சடங்கில் விலங்கின் வடிவம் கொண்ட களிமண் தலையணியைப் பெண் தலையில் சுமந்து ஆடுவதும் உண்டு.

இதில் எல்லாமே போற்றத்தக்கவை என்று சொல்லிவிட முடியாது. சடங்கு முடிந்த சிறுமிகள் பாலுறவுக்கு ஆளாக்கப்பட்ட வழக்கங்கள் சில வட்டாரங்களில் இருந்தன, அவை தீங்கானவை. அவற்றை எதிர்த்து முதலில் உள்ளிருந்தே குரல்கள் எழுந்தன. மலாவி 2015இல் திருமண வயதை 18ஆக்கிச் சட்டம் இயற்றி, 2017இல் அரசியலமைப்பையும் அதற்கேற்பத் திருத்தியது. டெட்சா மாவட்டத்தில் தலைவியாக இருந்த தெரேசா கச்சிந்தமோட்டோ நூற்றுக்கணக்கான குழந்தைத் திருமணங்களை ரத்து செய்து சிறுமிகளைப் பள்ளிக்குத் திருப்பி அனுப்பினார். சடங்கை ஒழிப்பதா, தீங்கை மட்டும் களைவதா என்ற விவாதத்தில் கிராமத்துப் பெண்கள் பலர் இரண்டாவதன் பக்கம் நிற்கிறார்கள்.

குலே வம்குலு என்றால் என்ன?

‘பெரும் நடனம்’ என்று பொருள்படும் பெயர். நியாவு என்ற ஆண்களின் மறைச்சங்கம் நடத்தும் சடங்கு நடனம் இது. இறப்புச் சடங்கு, இறந்தவருக்கான ஆண்டு நிறைவு, பருவச் சடங்கு, தலைவர் பட்டமேற்பு ஆகியவை இதற்குரிய தருணங்கள். ஜூலை அறுவடைக்குப் பிந்தைய வறண்ட மாதங்களே இதன் முதன்மையான காலம். யுனெஸ்கோ 2005இல் இதை மனித குலத்தின் தலைசிறந்த வாய்மொழி மரபுகளுள் ஒன்றாக அறிவித்தது. 2008இல் மலாவி, மொசாம்பிக், ஜாம்பியா ஆகிய மூன்று நாடுகளுக்கும் பொதுவான மரபாக இது பண்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

சங்கத்தில் சேரும் இளைஞன் இடுகாட்டை ஒட்டிய தோப்பில் சில நாட்கள் தங்கி, சங்கத்தின் மறைமொழியையும் நடத்தை விதிகளையும் கற்கிறான். அந்தத் தோப்புக்கு டம்ப்வே என்று பெயர். முகமூடிகள் அங்கேதான் செய்யப்படுகின்றன, அங்கிருந்துதான் புறப்படுகின்றன. முகமூடி அணிந்தவர் இன்னாருடைய மகன் என்று எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வந்திருப்பது காட்டு விலங்கு அல்லது இறந்தவரின் ஆவி என்றே அனைவரும் பேசுகிறார்கள்.

நடன இரவில், முரசுகளின் தோலை இறுக்குவதற்காகப் புல்லைக் கொளுத்தி அந்த வெப்பத்தில் அவற்றைக் காட்டுகிறார்கள். சரியான ஒலி வந்ததும் பெண்கள் அரைவட்டமாக நின்று கைதட்டிப் பாட ஆரம்பிக்கிறார்கள். இறகுகளைத் தலையில் செருகிய, கந்தல் துணி கட்டிய, உடலில் சேறு பூசிய உருவம் ஒன்று இருட்டிலிருந்து ஓடி வருகிறது. அது காலால் புழுதியைக் கிளப்புவதற்கும் முரசின் அடிக்கும் இடையே இம்மியும் பிசகுவதில்லை. ஒவ்வொரு முகமூடிக்கும் தனிப் பாட்டு, தனித் தாளம், தனி நடை உண்டு.

அவற்றுள் மிகப் புனிதமானது காசியா மலிரோ. மூங்கில் சட்டத்தின்மேல் சோளத் தோகையைப் போர்த்திச் செய்த பெரிய மான் வடிவம் அது. உள்ளே ஆள் நின்று சுழன்று சுழன்று அதை இயக்குவார். இறந்தவருடைய ஆவியை அது முன்னோரிடம் கொண்டு சேர்க்கிறது என்பது நம்பிக்கை. இத்தகைய பெரும் வடிவங்கள் சடங்குக்குப்பின் எரிக்கப்படும். சட்சுண்டா என்ற கரிய முகமூடி முதிய தலைவரைக் குறிக்கிறது. சிவந்த முகமுடைய சிமோனி ஐரோப்பியரைக் காட்டுவது. அடிமை வணிகன், பிற்காலத்தில் ஹோண்டா மோட்டார் சைக்கிள், ஹெலிகாப்டர் என்று ஊரின் வாழ்வுக்குள் நுழைந்த எதுவும் முகமூடியாகியிருக்கிறது. எய்ட்ஸ் பரவிய காலத்தில் அதைப் பற்றி எச்சரிக்கும் முகமூடிகளும் தோன்றின. பேராசைக்காரன், ஒழுக்கம் தவறியவன், தன் குடும்பத்தைப் புறக்கணிப்பவன் ஆகியோரின் உருவங்களும் ஆடும். ஊரில் அப்படி நடந்துகொள்பவருக்கு அது தன்னைப் பற்றியதே என்று புரிந்துவிடும்.

பெண்களுக்கு இதில் இடம் இல்லையா?

பெண்கள் பாடாமல் நடனம் நடக்காது. சங்கத்தின் மறைகளைச் சடங்கு முறையில் அறிந்த மூத்த பெண்களும் உண்டு. ஆனால் முகமூடி ஆண்களுக்கே உரியது. மனைவியின் ஊரில் அயலாராக வாழ்கிற, நிலத்திலும் பிள்ளைகளிலும் உரிமை குறைந்த ஆண்கள் தங்களுக்கென ஓர் அமைப்பையும் ஆற்றலையும் இதன் மூலம் பெற்றனர் என்று ஆய்வாளர் சிலர் விளக்குகிறார்கள். தாய்வழி முறையை அறிந்த பிறகு இந்த விளக்கம் எனக்கு மிகவும் ஏற்புடையதாகவே படுகிறது. நியாவை மட்டும் தனியே படித்தால் அது ஆணாதிக்கக் கூட்டமாகவும், ம்பும்பாவை மட்டும் தனியே படித்தால் அது பெண்களின் அரசாகவும் தோன்றும்.

மிஷனரிமார் இதை ஏன் எதிர்த்தார்கள்?

1889இல் ம்வேராவில் நிலைகொண்ட டச்சுச் சீர்திருத்தச் சபையும், 1902இல் முவா மிஷனைத் தொடங்கிய கத்தோலிக்கத் துறவியரும் நியாவைப் பேய் வழிபாடாகவும் ஒழுக்கக்கேடாகவும் கண்டனர். 1920களில் பள்ளிகள் பெருகியபோது போட்டி முற்றியது. சங்கம் முன்னைவிட இளம் வயதிலேயே சிறுவர்களைச் சேர்த்துக்கொண்டது, சிறுவர்கள் வகுப்பறையை விட்டுத் தோப்புக்குப் போயினர். என்கோனித் தலைவர்களின் ஆட்சியிலும் வெள்ளையர் ஆட்சியிலும் தங்கள் மானத்தைக் காத்துக்கொள்ளச் செவா கிராமங்களுக்கு நியாவு ஒரு கவசமாக இருந்தது. ஆகையால் எதிர்ப்பு வலுக்க வலுக்க அதுவும் வலுத்தது.

பின்னாளில் அதே முவாவில், கனடாவைச் சேர்ந்த கிளாட் பூஷே என்ற கத்தோலிக்கக் குரு 1976இல் குங்கோனி கலை மையத்தை நிறுவினார். அங்குள்ள சமாரே அருங்காட்சியகத்தில் குலே வம்குலு முகமூடிகளின் பெரும் தொகுப்பு பாதுகாக்கப்படுகிறது.

சோங்கோனிப் பாறை ஓவியங்களை வரைந்தவர்கள் யார்?

இரு மக்கள். டெட்சாவுக்கு அருகில் 126.4 சதுர கிலோமீட்டர் பரப்பில் கருங்கல் குன்றுகளிடையே 127 ஓவிய இடங்கள் உள்ளன. 2006இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அவை அறிவிக்கப்பட்டன. சிவப்பு நிற வட்டங்களும் கோடுகளும் வேட்டைச் சமூகத்தாரான பாட்வாக்கள் தீட்டியவை. வெண்களிமண்ணால் தீட்டிய விலங்குருவங்கள் செவா மக்களுடையவை, அவற்றுள் பல சினாம்வாலியோடு தொடர்புடையவை என்பதால் பெண்களின் கைவண்ணம். நியாவு உருவங்களும் சில பாறைகளில் உள்ளன. செவா மக்கள் 20ஆம் நூற்றாண்டிலும் அங்கே வரைந்துவந்தனர். சடங்குகளும் அந்த இடங்களை முற்றிலும் விட்டுவிடவில்லை.

குலம்பா விழா எப்போது, எங்கே நடக்கிறது?

ஆண்டுதோறும் ஆகஸ்டு இறுதியில், ஜாம்பியாவின் கட்டேட்டே மாவட்டத்தில் உள்ள ம்காய்க்காவில் நடக்கிறது. மூன்று நாடுகளின் செவாத் தலைவர்களும் அங்கே கூடி, கலோங்கா கவா உண்டி என்ற பட்டம் தாங்கிய பேரரசரிடம் தங்கள் மக்களின் நிலையைத் தெரிவித்துக் காணிக்கை செலுத்துகிறார்கள். குலே வம்குலு குழுக்களும் மூன்று நாடுகளிலிருந்தும் வருகின்றன. 1934இல் குடியேற்ற அரசு இந்த விழாவைத் தடை செய்தது. அரை நூற்றாண்டு கழித்து 1984இல் அது மீண்டும் உயிர்பெற்றது.

விடுதலைக்குப் பின் செவா அடையாளம் எப்படி மாறியது?

மலாவியின் முதல் குடியரசுத் தலைவரான ஹேஸ்டிங்ஸ் கமுசு பண்டா, கசுங்குவைச் சேர்ந்த செவா. 1968இல் சின்யாஞ்சாவுக்குச் சிச்சேவா என்று பெயர் மாற்றி அதைத் தேசிய மொழியாக்கினார். 1975இல் தலைநகரை சோம்பாவிலிருந்து செவா நிலத்தின் நடுவே உள்ள லிலோங்வேக்கு மாற்றினார். தன்னை நாட்டுப் பெண்கள் அனைவருக்குமான என்கோஸ்வே என்று சொல்லிக்கொண்டு, அவர்களைத் தன் ம்பும்பாவாகக் கூட்டங்களில் ஆடச் செய்தார். குடும்பத்தைக் காக்க ஏற்பட்ட ஒரு பொறுப்பை ஒற்றைக் கட்சி ஆட்சியின் கருவியாக்கியது அந்த மரபுக்கு இழைக்கப்பட்ட அநீதி என்றே நான் எண்ணுகிறேன். வடக்கின் தும்புகா மொழி வானொலியிலிருந்தும் பள்ளியிலிருந்தும் நீக்கப்பட்டதும் அக்காலத்தில்தான். 1994இல் பல கட்சித் தேர்தலில் பண்டா தோற்றபின் பிற மொழிகள் வானொலிக்குத் திரும்பின.

அன்றாட உணவு என்ன?

என்சிமா. மக்காச்சோள மாவைக் கொதிநீரில் கிண்டிக் கெட்டியாகச் செய்து, கீரை, பயறு, ஏரி மீன் ஆகிய தொடுகறிகளோடு கையால் உருட்டி உண்கிறார்கள். மக்காச்சோளம் அமெரிக்காவிலிருந்து வந்து பரவுவதற்கு முன் சோளமும் கேழ்வரகுமே அந்த இடத்தில் இருந்தன.

வெளியார் குலே வம்குலுவைப் பார்க்கலாமா?

குலம்பா விழாவிலும் முவா மையத்தின் நிகழ்ச்சிகளிலும் தடையின்றிப் பார்க்கலாம். கிராமத்தில் நடக்கும் இறப்புச் சடங்கு வேறு வகை. அங்கே ஊர்த் தலைவரின் இசைவு இல்லாமல் நிற்பதும் படமெடுப்பதும் கூடாது. சாலையில் முகமூடி அணிந்தவர் எதிர்ப்பட்டால் ஒதுங்கி வழிவிடுவதே முறை. டம்ப்வே தோப்புக்குள் சங்கத்தில் சேராத எவரும், உள்ளூர்க்காரரே ஆனாலும், நுழையக் கூடாது.